வாரண்டி உள்ள காரை நாமே பராமரிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகக் கார் வாங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இந்தியாவில் விற்கப்படும் கார்களையும் இந்தியச் சட்டத்தையும் வைத்து எழுதப்பட்டவை. ஒவ்வொரு நிறுவனத்தின் வாரண்டிப் புத்தகமும் சிறிது வேறுபடும் என்பதால், உங்கள் காரோடு வந்த புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பது நல்லது.

வண்டியில் நாமே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

அப்படிப் பொதுவாகச் சொல்வது தவறு. வாரண்டி என்பது, பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறையால் ஒரு பாகம் பழுதானால் அதை இலவசமாகச் சரிசெய்தோ மாற்றியோ தருவதாக நிறுவனம் தரும் வாக்குறுதி. நீங்கள் பானெட்டைத் திறந்தீர்கள் என்பதற்காக அந்த வாக்குறுதி முறிந்துவிடாது. சொல்லப்போனால் ஆயில் அளவைப் பார்க்கவும், டயரின் காற்றைச் சரிபார்க்கவும், ஃபியூஸ் மாற்றவும் உரிமையாளர் கையேடே உங்களுக்குச் சொல்லித்தருகிறது.

வேலைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முதல் வகை, கையேடு உரிமையாளரையே செய்யச் சொல்லும் வேலைகள். இவற்றில் தயக்கமே வேண்டாம். இரண்டாவது வகை, எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், கூலன்ட், ஸ்பார்க் பிளக் போன்று கிலோமீட்டர் கணக்கிலோ மாதக் கணக்கிலோ மாற்ற வேண்டியவை. இவற்றில் யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள், எந்தப் பொருளைப் போட்டார்கள் என்பதற்கெல்லாம் ஆதாரம் கேட்கப்படும். மூன்றாவது வகை, ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), எரிபொருள் அமைப்பு, எஞ்சின் கணினி, மின்சாரக் காரின் உயர் மின்னழுத்தப் பகுதி ஆகியவை. வாரண்டி இருக்கும் வரையில் இவற்றின் அருகில் போகாதீர்கள்.

அப்படியானால் பயமில்லாமல் நானே என்னென்ன செய்யலாம்?

டயரில் காற்றைச் சரிபார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. நாம் அதிகம் மறப்பதும் அதைத்தான். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்ட ஸ்டிக்கரில் இருக்கும். வண்டி ஓடி டயர் சூடாகும் முன்பே பார்க்க வேண்டும், ஏனெனில் சூட்டில் அழுத்தம் கூடிக் காட்டும். எஞ்சின் ஆயிலைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப் ஸ்டிக் என்ற அளவுக் கம்பியால் பாருங்கள்; இரண்டு குறிகளுக்கும் இடையில் இருந்தால் போதும், மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் எஞ்சினுக்குக் கெடுதலே. கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றின் அளவை மூடியைத் திறக்காமலே வெளியிலிருந்து பார்க்கலாம்.

வைப்பர் ரப்பர், கண்ணாடி கழுவும் நீர், ஏசி ஃபில்டர், எஞ்சின் ஏர் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஏசி ஃபில்டர் பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அதன் ஓரத்தில் அச்சிட்டுள்ள அம்புக்குறி காற்று ஓடும் திசையைக் காட்டுகிறது, அதை மட்டும் கவனித்துப் பொருத்துங்கள். எஞ்சின் ஏர் ஃபில்டரைப் பொறுத்தவரை, கம்பெனி ஃபில்டருக்குப் பதிலாக எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரை மாட்டாதீர்கள். எண்ணெய் அதிகமாகிவிட்டால் அது காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து கோளாறு தரும். அந்தக் கோளாறுக்கு வாரண்டி கேட்டால் மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

ஃப்ரீ சர்வீஸுக்குப் போகாமல் வீட்டிலேயே ஆயில் மாற்றிக்கொண்டால் என்ன?

செய்யாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. இந்தியாவில் பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்கள், குறித்த காலத்தில் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. அந்த நிபந்தனை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருப்பதும், பழுதான வண்டியோடு நிற்கும் நாளில் வேலை உடனே நடப்பதும் வேறு வேறு விஷயங்கள். ஃப்ரீ சர்வீஸில் கூலிதான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் வாங்குவார்கள் என்பது உண்மையே. இருந்தாலும் அந்தச் செலவுக்கு ஈடாக, நிறுவனத்தின் கணினியிலேயே உங்கள் வண்டியின் சர்வீஸ் பதிவு ஏறிவிடுகிறது. பின்னாளில் எஞ்சினில் பெரிய கோளாறு வந்தால் அந்தப் பதிவே உங்களுக்கு வாதாடும்.

சர்வீஸ் அட்டவணையில் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். வண்டியைக் குறைவாக ஓட்டுபவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் காலக்கெடுவைத் தவறவிடுகிறார்கள். இடையில் கூடுதலாக ஒருமுறை ஆயில் மாற்ற ஆசைப்பட்டால் அதை நீங்களே செய்யலாம். ஆனால் அதைக் கம்பெனி சர்வீஸுக்குப் பதிலாகக் கணக்கில் வைக்க வேண்டாம்.

வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி ரத்து என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். அது செல்லுமா?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் தகவல்களையும் தங்கள் டீலர்களுக்குள்ளேயே முடக்கி வைத்திருந்ததாக எழுந்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தனியார் மெக்கானிக்கிடம் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனையை வைக்கக் கூடாது என்றும், வெளியில் நடந்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு கூறியது. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றின் மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத் தொகையைக் குறைத்ததே தவிர, நிறுவனங்கள் செய்தது தவறு என்ற முடிவை மாற்றவில்லை.

இந்த உத்தரவைக் காட்டினால் சர்வீஸ் சென்டர் மேலாளர் உடனே இறங்கி வந்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். நிறுவனங்களின் போட்டி விரோத நடத்தையைப் பற்றிய வழக்கு அது. உங்கள் தனிப்பட்ட தகராறை நுகர்வோர் ஆணையத்தில்தான் தீர்க்க முடியும். ஆனாலும் அது வகுத்த அளவுகோல் நியாயமானது, எழுத்தில் எடுத்துச் சொல்லத் தக்கது: நான் செய்த வேலைக்கும் இந்தப் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று நிறுவனம் காட்ட வேண்டும். நீங்கள் வைப்பர் மாற்றியதைக் காரணம் காட்டிக் கியர் பாக்ஸுக்கு வாரண்டி மறுப்பதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது.

யூடியூபில் "நீங்களே ஆயில் மாற்றினாலும் வாரண்டியை ரத்து செய்யவே முடியாது, சட்டம் இருக்கிறது" என்கிறார்களே?

அவர்கள் சொல்வது அமெரிக்காவின் மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தை. 1975-இல் வந்த அந்தச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ வாங்கினால்தான் வாரண்டி என்று கட்டுவதை, அவற்றை இலவசமாகத் தந்தாலொழிய, தடுக்கிறது. அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கு அது நேரடியாகப் பயன்படும். அங்கேகூடப் பராமரிப்பைக் காலத்தில் செய்ததற்கு ரசீது வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பே.

சென்னையிலோ மதுரையிலோ வாங்கிய காருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இங்கே அதற்கு இணையான தனி வாரண்டிச் சட்டம் கிடையாது. மேலே சொன்ன போட்டி ஆணைய உத்தரவையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் வைத்துத்தான் பேச வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது, வாகனத் துறையும் அதில் இடம்பெற்றுள்ளது. கையேடுகளும் வாரண்டி விவரங்களும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நானே ஆயில் மாற்றினால் என்ன ஆதாரம் வைத்திருக்க வேண்டும்?

ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய ஜிஎஸ்டி பில்லே முதல் ஆதாரம். அதில் உங்கள் பெயர், வண்டி எண், பொருளின் தரக்குறி மூன்றும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். "ஆயில் - 1" என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு பிறகு உதவாது. வேலை செய்த நாளில் ஓடோமீட்டரையும், ஆயில் டப்பாவின் லேபிளையும், கழற்றிய பழைய ஃபில்டரையும் புகைப்படம் எடுத்துவையுங்கள். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு, பாகத்தின் எண் ஆகியவற்றை ஒரே நோட்டுப் புத்தகத்தில் தொடர்ந்து எழுதிவந்தால், அதை நம்பாமல் இருப்பது கடினம். வெப்ப அச்சில் வரும் பில்கள் விரைவில் மங்கிவிடும் என்பதால் அன்றே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பெயர் போட்ட ஆயில்தான் ஊற்ற வேண்டுமா?

பெயரைவிடத் தரக்குறியே முக்கியம். கையேட்டில் இரண்டு விவரங்கள் இருக்கும்: 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற பாகுநிலைக் குறி (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்வது) ஒன்று, ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3 போன்ற தரக்குறி மற்றொன்று. இரண்டும் பொருந்த வேண்டும். "நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது" என்ற அறிவுரையைக் கேட்டு மாற்றி ஊற்றாதீர்கள்; இன்றைய எஞ்சின்களின் இடைவெளிகளும் ஆயில் பம்பும் மெல்லிய ஆயிலை வைத்தே வடிவமைக்கப்பட்டுள்ளன.

பிஎஸ் 6 புகை விதிக்கு ஏற்பச் செய்த டீசல் காரில் இது இன்னும் கவனம் கேட்கும் விஷயம். புகைக்குழாயில் உள்ள டிபிஎஃப் என்ற கரித்துகள் வடிகட்டி, சாம்பல் குறைவாகத் தரும் ஆயிலை மட்டுமே தாங்கும். தவறான ஆயிலின் சாம்பல் அதில் தேங்கினால் சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்யவும் முடியாது, ஏனெனில் எரிவது கரிதான், சாம்பல் அப்படியே தங்கிவிடும். டிபிஎஃப் விலை அதிகம். அதற்கு வாரண்டி கோரும்போது ஆயில் பில்லைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆயில் மாற்றும்போது எங்கே தவறு நடக்கும்? அதனால் வாரண்டி பாதிக்குமா?

பாதிக்கும், நாம் செய்த வேலையால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது, அது நியாயமும்கூட. வழக்கமாக நடக்கும் தவறுகளில் முதலாவது, ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் மரையைக் கெடுப்பது. ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினால் இது நேராது. இரண்டாவது, இன்னும் ஆபத்தானது: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரை மாட்டிவிடுவது. இரண்டு வளையங்களும் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தால் ஓட்டத்தில் ஆயில் பீய்ச்சி வெளியேறி எஞ்சின் இறுகி நின்றுவிடலாம். ஆகவே பழைய ஃபில்டரைக் கழற்றியதும் வளையம் அதிலேயே வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. டயர் மாற்றுவதற்கு மட்டுமே தரப்பட்ட கருவி அது. அடியில் வேலை செய்ய ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். பயன்படுத்திய ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. மூடிய கேனில் சேர்த்து, அதை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் ஒப்படைப்பதே சரி.

கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

வழியில் மாட்டிக்கொண்ட அவசரத்தில் தவிர, வேண்டாம். நம் ஊரின் உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் உள்ளே படிவை உண்டாக்கும். நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலப்பதும் தவறு. கையேட்டில் சொன்ன வகையை வாங்கி, எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு திறந்து ஊற்றுங்கள். அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. அதை நீங்களே நிரப்பிக்கொண்டு போகாமல் உடனே சர்வீஸ் சென்டரில் புகாராகப் பதிவு செய்யுங்கள். கசிவு வாரண்டியில் வரும், கசிவைக் கவனிக்காமல் ஓட்டி எஞ்சின் சூடாகிப் போனால் வராது.

எல்இடி ஹெட்லைட், ஹாரன், பின்புறக் கேமரா இவற்றை வெளியில் மாட்டினால்?

வாரண்டி மறுப்புக்கு அதிகம் இடம் கொடுப்பது ஆயிலைவிட இந்த வயரிங் வேலைதான் என்பேன். வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி இணைத்திருந்தால், பிறகு எந்த மின்கோளாறு வந்தாலும் அந்த டேப்பைக் காட்டியே மறுத்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கும்: 60/55 வாட் எச்4 பல்புக்காக அமைத்த இடத்தில் 100/90 வாட் பல்பைப் போட்டால் ஹோல்டர் உருகும், வயர் சூடேறும். வெட்டாமல் கப்ளர் (செருகு இணைப்பு) மூலம் இணைக்கும் உபகரணம், தனி ரிலே (மின்சுவிட்ச்), தனி ஃபியூஸ் ஆகியவற்றோடு செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். இருந்தாலும் வாரண்டிக் காலத்தில் டீலரிடமே நிறுவனத்தின் ஆக்சஸரியாக வாங்கி, பில்லில் எழுதச்செய்து மாட்டுவதே பாதுகாப்பானது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் இத்தகைய சேர்க்கைகளைத் தெரிவிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வண்டிக் கணினி பதிந்த பழுதுக் குறியீட்டை (எரர் கோட்) படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வாங்கினேன். எரர் கோடை நானே அழித்துவிட்டால் பிரச்சினை தீருமா?

எரர் கோடைப் படிப்பதில் தவறில்லை. அழிப்பதில்தான் நட்டம் இருக்கிறது. பழுது ஏற்பட்ட நொடியில் வேகம், வெப்பநிலை, எஞ்சின் சுழற்சி ஆகியவை எவ்வளவு என்று கணினி ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அந்தப் பதிவும் போய்விடும். எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறுக்கு அதுவே உங்களிடம் உள்ள ஒரே சாட்சி. ஆகவே திரையைப் படம் எடுத்துக்கொண்டு, எச்சரிக்கை விளக்கு எரியும் நிலையிலேயே வண்டியைக் கொண்டுபோங்கள். எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி வேகம் கூட்டுவது முற்றிலும் வேறு விஷயம். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் மாற்றியதன் தடயம் பல கார்களில் தங்கும், எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் வாரண்டி மறுக்கப்படும்.

பிரேக் பேட், பேட்டரி, டயர் இவையும் இதே கணக்கா?

பேட்டரிக்கும் டயருக்கும் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களே தனியாக வாரண்டி தருகின்றன. டெலிவரியின்போது அந்த அட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் பேட், கிளட்ச், வைப்பர், பல்பு போன்ற தேயும் பாகங்கள் பொதுவாக வாரண்டிக்கு வெளியே உள்ளவை, அல்லது குறுகிய காலம் மட்டும் உள்ளவை. அதனால் பிரேக் பேடை நீங்களே மாற்றினால் போவதற்கு வாரண்டி அதிகம் இல்லை. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால், அனுபவமுள்ளவர் அருகில் இல்லாமல் முதல் முறை செய்யாதீர்கள்.

மின்சாரக் காரில் நாம் செய்ய ஏதாவது இருக்கிறதா?

டயர், வைப்பர், ஏசி ஃபில்டர், கண்ணாடி நீர் ஆகியவை முன்பு சொன்னபடியேதான். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் உயர் மின்னழுத்த மின்சாரம் செல்பவை. அவற்றையும் அவை சேரும் பெட்டிகளையும் தொடவே கூடாது. பெரிய பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருவது பரவலான வழக்கம். அதைத் திறந்த தடயம் இருந்தால் அத்தனையும் வீண்.

நீட்டித்த வாரண்டி வாங்கியிருக்கிறேன். அதற்கும் இதே விதிதானா?

நீட்டித்த வாரண்டி பணம் கொடுத்து வாங்கும் தனி ஒப்பந்தம்; அதன் நிபந்தனைகள் வழக்கமான வாரண்டியைவிடக் கடுமையாக இருக்கலாம். ஒரு சர்வீஸ் எத்தனை நாள் அல்லது எத்தனை கிலோமீட்டர் தாமதமானால் ஏற்பார்கள் என்பதை அதில் தேடிப் படியுங்கள். வெளியூர்ப் பயணத்தாலோ உடல்நலக் குறைவாலோ சர்வீஸ் தள்ளிப்போவதாக இருந்தால், கெடு முடியும் முன்பே மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாருதி 2024 ஜூலையில் தன் வழக்கமான வாரண்டியை 2 ஆண்டு, 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 ஆண்டு, 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. எனவே உங்கள் வண்டி வாங்கிய தேதிக்கு எது பொருந்துகிறது என்று பார்த்த பிறகே நீட்டிப்புக்குப் பணம் கட்டுங்கள்.

"நீங்களே கை வைத்ததால்தான் பழுது" என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

வாய்ப்பேச்சை ஏற்காமல், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாகம் பழுது, என்ன காரணம், வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வண்டியை ஒப்படைக்கும்போது சர்வீஸ் சென்டர் வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் சொற்களிலேயே எழுதச்செய்து நகல் வாங்குங்கள். பழுதான பாகத்தை அப்புறப்படுத்தக் கூடாது என்றும் எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அந்தப் பாகம் இல்லாமல் எதுவும் நடக்காது. அதன்பின் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு, நீங்கள் வைத்திருக்கும் ஆதாரங்களோடு, நான் செய்த வேலை இது, இதற்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பை விளக்குங்கள் என்று கடிதம் அனுப்புங்கள்.

அதில் பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே வழக்குத் தொடுக்கலாம். வண்டியை வேறு ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கட்டணம் 5 லட்சம் வரை எதுவும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். தகராறு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். குறையை உறுதிசெய்யச் சோதனை தேவைப்பட்டால் ஆணையம் பாகத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தயாரிப்புக் குறை இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு முதலில் புகார் கொடுப்பவருக்கே. அதனால்தான் பில், படம், நோட்டுப் புத்தகம் என்று முன்பு அவ்வளவு வலியுறுத்தினேன். முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்வதைவிட, பழுதான பாகத்தை இலவசமாக மாற்றி, அலைச்சலுக்கு இழப்பீடு கேட்பது வெற்றிபெற அதிக வாய்ப்புள்ள கோரிக்கை.

வாரண்டி மிச்சமிருக்கும் பழைய காரை வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் தானே ஆயில் மாற்றினாராம். எனக்கு வாரண்டி கிடைக்குமா?

வழக்கமான வாரண்டி பொதுவாக வண்டியோடு போகும். மிச்சமுள்ள காலம் உங்களுக்கு வரும். ஆனால் முந்தையவர் விட்ட இடைவெளிகளும் சேர்ந்தே வரும். பணம் கொடுக்கும் முன்பே வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, எந்தெந்த சர்வீஸ் நிறுவனத்தின் பதிவில் ஏறியிருக்கிறது, வாரண்டி இன்னும் நடப்பில் உள்ளதா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள். அவர் தானே மாற்றிய ஆயிலுக்கு உரிய பில்களும் குறிப்புகளும் இருந்தால் அசலையே வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தக் காருக்கு எஞ்சின் வாரண்டி இல்லை என்றே வைத்து விலை பேசுங்கள். நீட்டித்த வாரண்டி இருந்தால் அது தானாக மாறாது. பெயர் மாற்றக் கட்டணமும் கெடுவும் ஒப்பந்தத்தில் இருக்கும், ஆர்சி புத்தகம் உங்கள் பெயருக்கு வந்ததும் அதை முடித்துவிடுங்கள்.